வேலாயுதத்தின் பந்தால் பூசோக்

என் தம்பி வேலாயுதத்தை முதன்முதலில் பார்க்கிறவர்கள் தங்களை அறியாமல் ஓர் அடி பின்னால் போவார்கள். அப்படி ஓர் உருவம். கேரி தீவிலிருந்து செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு பாமாயில் ஆலைக்குப் போகும் லோரியை ஓட்டுகிறான். அவன் இறங்கினால் லோரி ஒரு பக்கம் நிமிர்ந்துகொள்ளும். ஆலையிலுள்ள மலாய்க்காரர்கள் அவனைப் 'பாடாக்' என்று கூப்பிடுவார்கள். காண்டாமிருகம் என்று அர்த்தம். கூப்பிட்டால் இவனும் பல்லைக் காட்டிக்கொண்டு திரும்பிப் பார்ப்பான், வெட்கமில்லாதவன்.

இந்தக் காண்டாமிருகத்துக்கு நாற்பது வயது தாண்டியும் பந்தால் பூசோக் இல்லாமல் தூக்கம் வராது. மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பந்தால் என்றால் தலையணை, பூசோக் என்றால் நாற்றம். குழந்தை வயதில் கட்டிப்பிடித்துத் தூங்கிப் பழகி, எச்சிலும் வியர்வையும் ஊறி, நிறமே தெரியாமல் போன ஒரு பழந்தலையணை இங்கே பாதி வீடுகளில் இருக்கும். அதற்குத்தான் அந்தப் பெயர். சொல்வது நாற்றம் என்றாலும் அது திட்டு இல்லை, செல்லம். அதைத் துவைக்கக் கூடாது. துவைத்தால் வீட்டில் ஒப்பாரிதான்.

நான் லோகேஸ்வரி, அவனுடைய அக்கா. கிள்ளானில் டோபி, அதாவது சலவைக் கடை, வைத்திருக்கிறேன். ஊர் அழுக்கையெல்லாம் வெளுத்துக் கொடுக்கிறவள். கறை படிந்த சட்டையோடு யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால்கூட எனக்குக் கை துறுதுறுக்கும். என் கடைக்கு நேர் மேலே, என் தம்பியின் கட்டிலில், அந்தத் தலையணை! எத்தனை முறை அதைத் தூக்கி மெஷினில் போடப் போயிருப்பேன் தெரியுமா? ஒவ்வொரு முறையும் ஒரு காண்டாமிருகம் படிக்கட்டில் குறுக்கே நின்றுகொண்டு, "அக்கா, ப்ளீஸ்க்கா" என்று கெஞ்சும். எனக்கும் மனசு வராது.

டீசல் வந்து சேர்ந்தது அந்த லோரியில்தான். ஒரு நாள் ஆலையில் குலைகளைக் கொட்டும் நேரத்தில் மெல்லிசாக ஒரு சத்தம் கேட்டிருக்கிறது. இவன் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு மேலே ஏறிப் பார்த்தால், குலைகளுக்கு நடுவே, கண்கூடச் சரியாகத் திறக்காத ஒரு பூனைக்குட்டி. தாய் எந்தத் தோட்டத்தில் தேடிக்கொண்டிருந்ததோ. சட்டைப் பையில் போட்டுக் கொண்டுவந்தான். குட்டி மீது ஒரே டீசல் வாடை, அதனால் அதுவே பெயராகிவிட்டது. மருந்து விடும் சொட்டுக்குழாயால் அதற்குப் பால் புகட்டினான். ஸ்டீயரிங் பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கையில், வாழைப்பழம் அளவுக்கு ஒரு குட்டி. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரித்தேன்.

குட்டி வளர்ந்து கொழுகொழுவென்று கடுவனானது. ஆனால் ஒரு பழக்கம் மட்டும் போகவில்லை. ஒரு மதியம் துவைத்த படுக்கை விரிப்பைக் கொடுக்க மேலே போனேன். தலையணையின் ஒரு மூலையில் என் தம்பியின் தலை, குறட்டை. மறு மூலையை டீசல் வாயில் கவ்விக்கொண்டு, கண்ணை மூடி, சப்சப்பென்று சப்பிக்கொண்டிருக்கிறது. முன்னங்கால்கள் இரண்டும் மாற்றி மாற்றி அமுக்குகின்றன, ரொட்டி சானாய்க்கு மாவு பிசைகிற மாதிரி. தொண்டைக்குள் கரகரவென்று மோட்டார் வேறு ஓடுகிறது. தலையணை தொப்பலாக நனைந்து கிடந்தது. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

"டேய், எந்திரிடா! இந்தப் பூனைக்கு நீ சோறே போடறதில்லையா? தலகாணியத் தின்னுது பாரு!"

"தின்னலக்கா, சப்புது. விடுக்கா, அதுக்குத் தூக்கம் வருது," என்றான் கண்ணைத் திறக்காமல்.

விடுவேனா? நோயோ என்னமோ என்று பயந்து, இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு மிருக கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் சுமையா சின்ன வயதுப் பெண், நல்ல பொறுமைசாலி. டீசலைப் புரட்டிப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார்.

"ஆன்டி, இதுக்குப் பசியும் இல்ல, நோயும் இல்ல. கொஞ்சம் டயட் வேணும்னா வைக்கலாம்," என்று சிரித்தார்.

"பின்ன ஏன் டாக்டர் துணியச் சப்புது?"

"அம்மாகிட்டப் பால் குடிக்கிறப்ப குட்டிங்க இப்படித்தான் காலால அமுக்கும், அமுக்கினா பால் நல்லா வரும். சூடு, பால், அம்மா வாசம், எல்லாம் அந்த நேரத்துல ஒண்ணாக் கிடைக்குது இல்லையா? சீக்கிரமே அம்மாவப் பிரிஞ்ச குட்டிங்கள்ல சிலது, பெரிசானப்புறமும் மெத்துனு எதாச்சும் கிடைச்சா அதையே செய்யும். அம்மாகூடவே வளர்ந்ததுகூட சிலது செய்யும், சயாமிஸ் மாதிரி ஜாதியில இது கொஞ்சம் அதிகம். நாய்ங்களும் போர்வைய, பொம்மைய வாயில வச்சிக்கிட்டுத் தூங்கும். மனசுக்கு ஒரு நிம்மதி, அவ்ளோதான் லா. நூலு, பஞ்சு எதையும் முழுங்காமப் பாத்துக்குங்க, முழுங்கினா குடல்ல சிக்கிக்கும். சும்மா சப்பினா சப்பட்டும்."

அப்போது என் தம்பி கேட்டான்: "பெரிசானா விட்டுரணும்னு ஒண்ணும் இல்லையே, டாக்டர்?"

"சிலது விடும், சிலது விடாது. விட்டே ஆகணும்னு ஒண்ணுமில்ல அண்ணே."

கோர்ட்டில் விடுதலை ஆனவன் மாதிரி மூச்சு விட்டான். எனக்கு அப்போதுதான் பழசெல்லாம் ஞாபகம் வந்தது. எங்கள் அம்மா இறந்துபோனபோது இவன் தவழக்கூட ஆரம்பிக்கவில்லை. பால் கேட்டு ராத்திரியெல்லாம் அழுவான். அப்போது நான் பள்ளிக்கூடத்துப் பெண். எனக்குத் தெரிந்த ஒரே வழி, அம்மாவின் பூப்போட்ட பாத்தேக் கைலியை வெட்டி, பஞ்சடைத்து, கோணல்மாணலாக ஒரு தலையணை தைத்து அவன் பக்கத்தில் வைத்ததுதான். அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுகையை நிறுத்தினான். கிளினிக்கிலிருந்து வீடு வரும் வரை நான் அவனைத் திட்டவே இல்லை. அவனே பயந்துபோய், "என்னாக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான்.

அவனுக்குக் கல்யாணம் தட்டிக்கொண்டே போனது. லோரிக்காரன் என்று ஒரு வீட்டில் சொன்னார்கள். செராஸிலிருந்து வந்த ஒரு குடும்பம் அந்தத் தலையணையைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைக்குப் பால் போத்தலும் உண்டா?" என்று கேட்டுச் சிரித்தது. அன்றைக்கு நான் கொதித்த கொதியில் அவர்களுக்குக் காப்பிகூடக் கொடுக்காமல் அனுப்பினேன். அதன்பிறகு பெண் பேச்சு எடுத்தாலே தம்பி லோரியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவான்.

அப்படிப்பட்டவன் பந்திங் கோயிலில் குமுதாவைப் பார்த்துவிட்டு வந்து, தானாகச் சட்டைக்கு இஸ்திரி போட்டான். குமுதா அங்கே ஒரு தாடிக்காவில், அதாவது பாலர் பள்ளியில், டீச்சர். முப்பத்தெட்டு வயது. நல்ல சிரிப்பு, நல்ல வாய். கோயிலில் வைத்துக் கொஞ்ச நேரம் பேசியிருக்கிறார்கள். அதற்கே இவன் லோரியில் பாட்டுப் பாடிக்கொண்டு போவதாக ஆலையிலிருந்து எனக்குச் செய்தி வந்தது.

"அக்கா, இது மட்டும் அமைஞ்சாப் போதும்க்கா. வேற ஒண்ணும் வேணாம்," என்றான். அந்தத் தலையணையைத் தவிர என் தம்பி என்னிடம் எதையும் இப்படி வாய்விட்டுக் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். குமுதா, அவளுடைய அண்ணன் ராஜன், அண்ணி. இந்தக் காலத்தில் பெண்ணும் கூடவே வந்து பார்த்துவிடுகிறாள், நல்லதுதான். நான் சனிக்கிழமையே மேல்வீட்டைக் கழுவித் துடைக்கிறேன் என்று அறிவித்தேன். அக்கா கையில் அகப்பட்டால் தலையணை நேராகக் குப்பைக்குத்தான் என்று தம்பிக்குப் பயம். வேலைக்குப் புறப்படும் முன் கோபாலனிடம் போய்க் காதைக் கடித்திருக்கிறான்.

கோபாலன் என் கடையில் வேலை செய்பவர், புதுக்கோட்டைக்காரர். பெர்மிட்டில் வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. தங்கமான மனுஷன், ஆனால் மலாய் மட்டும் படாத பாடு படுத்தும். வந்த புதிதில் ஒரு மலாய்க்காரப் பெண் 'பந்தால்' துவைக்க வேண்டும் என்று சொல்ல, "எந்தப் பந்தலும்மா? யார் வீட்டுக் கல்யாணம்?" என்று கேட்டவர். அதற்கப்புறம் ஒவ்வொரு சொல்லாகப் பிடித்துக்கொண்டார். பந்தால் தலையணை. பூசோக் நாற்றம். எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வாடிக்கையாளர் பையை நீட்டும்போது 'பூசோக்' என்று சொன்னால், அந்தப் பை தனியாகப் போகும். வெந்நீர், இரண்டு சுற்று, கடைசியில் வாசனைத் தண்ணீர். இதை அவர் மண்டையில் ஏற்றியவள் நான்தான்.

என் தம்பி அவரிடம் சொன்னது இது: "அண்ணே, என் கட்டில்ல பந்தால் பூசோக் இருக்கு. அக்கா கையில படாம நீங்கதான் அதை நல்லாக் கவனிக்கணும்."

மனுஷன் நல்லாக் கவனித்துவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் தம்பி வந்தபோது, கோபாலன் கல்யாணச் சீர்வரிசை நீட்டுகிற மாதிரி இரண்டு கையாலும் அதை நீட்டினார். அம்மா கைலியின் பூக்கள் எத்தனையோ காலத்துக்குப் பிறகு நீலமாகத் தெரிந்தன. பஞ்சு உப்பி நின்றது. லாவெண்டர் வாசம் கடை முழுக்க வீசியது.

"தம்பி, முதலாளியம்மா கையில படக்கூடாத அளவுக்கு நாத்தம்னு சொன்னீங்கல்ல, அதான் மூணு சுத்து விட்டேன். எப்படி இருக்கு?"

தம்பி முகத்தில் ரத்தமே இல்லை. தலையணையை மூக்கில் வைத்துப் பார்த்தான். மறுபடி வைத்துப் பார்த்தான். பிறகு, "நல்லாருக்கு அண்ணே, தேங்க்ஸ்," என்று சொல்லிவிட்டு மாடியேறினான். அப்புறம்தான் கோபாலனிடம் நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு கீழேயே உட்கார்ந்துவிட்டார். திட்டத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. எத்தனை காலமாக என்னால் முடியாததை இவர் ஒரே நாளில் முடித்துவிட்டாரே!

டீசலுக்குச் சிரிப்பு வரவில்லை. முகர்ந்து பார்த்தது, பலமாக ஒரு தும்மல் போட்டது, வாலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மறுநாள் காலை வரை மியாவ் மியாவ் என்று அலமாரிக்கு அடியிலும் கட்டிலுக்கு அடியிலும் தேடிக்கொண்டே இருந்தது. சோற்றைத் தின்றது, ஆனால் படுக்க மாட்டேன் என்றது. தம்பியும் தூங்கவில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது. பெண் வீட்டார் வருகிற நாளில் மாப்பிள்ளையும் பூனையும் ஒரே மாதிரி முழித்துக்கொண்டிருந்தார்கள்.

சொன்ன நேரத்துக்கு அவர்கள் வந்தார்கள். குமுதா இளம்பச்சைப் பஞ்சாபி சூட்டும் மெத்தென்ற பருத்தி ஷாலும் போட்டிருந்தாள். ராஜன் வீட்டை மேலும் கீழும் பார்த்தார். அண்ணி என்னைப் பார்த்தாள். நான் கேக்கையும் முறுக்கையும் எடுத்து வைத்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்போது பார்த்து டீசல் வந்தது. யாரையும் மதிக்கவில்லை. நேராகக் குமுதாவின் மடியில் ஏறியது, ஒரு சுற்றுச் சுற்றியது, ஷால் முனையைக் கவ்வியது. சப்சப். முன்னங்கால்கள் பிசைய ஆரம்பித்தன.

"ஐயையோ! என்னா இது?" என்று அண்ணி காலை சோபாமேல் தூக்கிக்கொண்டாள்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "பசிங்க! காலையிலேருந்து இன்னும் ஒண்ணும் வைக்கல," என்று அடித்துவிட்டேன்.

ராஜனின் முகம் சுருங்கியது. "வாயில்லாத ஜீவன், பட்டினி போடலாமாங்க? வீட்டுல இருக்கிறதுக்கே சோறு போடலன்னா..." என்று இழுத்து, மீதியைச் சொல்லாமல் தங்கையைப் பார்த்தார்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். என் தம்பி எழுந்து நின்றான். அவன் எழுந்ததும் அறையே சின்னதாகிவிட்டது.

"பசி இல்லீங்க. காலையிலதான் ஒரு டின் மத்தி மீன் தின்னுச்சு. அக்கா எனக்காகப் பொய் சொல்லுது." டீசலைக் காட்டினான். "அது பந்தால் பூசோக்கத் தேடுது. நேத்து அதைக் கழுவிட்டாங்க."

"பூனைக்கெல்லாமா பந்தால் பூசோக்?" என்றார் ராஜன்.

"பூனையோடது இல்லீங்க, என்னோடது. சின்னப்புள்ளையிலேருந்து வச்சிருக்கேன், அம்மா கைலியில தச்சது. எனக்கு அம்மா மொகம் தெரியாது. அது இல்லாமத் தூக்கம் வராது. இதுக்கும் அம்மா இல்ல, அதான் நாங்க ரெண்டு பேரும் ஷேர் பண்ணிக்கிறோம். டீச்சர்கிட்ட அப்புறமா சொல்லலாம்னு இருந்தேன். இப்பவே சொல்லிட்டேன். சிரிக்கிறதுன்னா சிரிச்சுக்குங்க."

யாரும் சிரிக்கவில்லை. எனக்குக் கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. அவன் அம்மாவைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை.

குமுதா ஷாலை இழுக்கவும் இல்லை, பூனையைத் தள்ளவும் இல்லை. டீசலின் கழுத்தை ஒரு விரலால் தடவிக்கொண்டே, வகுப்பில் கேட்கிற மாதிரி, "கழுவினது யாரு?" என்றாள்.

தேத்தண்ணீர்த் தட்டோடு வாசலில் நின்ற கோபாலன் ஒரு கையை மெல்லத் தூக்கினார்.

"அங்கிள், பந்தால் பூசோக்க எங்கயாச்சும் கழுவுவாங்களா? எங்க தாடிக்காவுல ஒரு அம்மா கழுவிட்டு, அப்புறம் அந்தப் புள்ளையத் தூங்க வைக்க நாங்க பட்ட பாடு!"

"இனிமே ஜென்மத்துக்கும் தொட மாட்டேன் டீச்சர்," என்றார் கோபாலன்.

அதற்குத்தான் எல்லோரும் சிரித்தோம். ராஜன் சிரித்த சிரிப்பில் அவர் கையிலிருந்த முறுக்கு உடைந்தது. அண்ணி காலைக் கீழே இறக்கினாள்.

அதற்குள் டீசல் சப்பிக்கொண்டே தூங்கிவிட்டது. குமுதா எழுந்திருக்க மாட்டேன் என்றாள். "பாவம், நேத்துலேருந்து தூங்கல, எழுப்பாதீங்க." பூனை எழும் வரை பெண் எழ மாட்டாள், பெண் எழும் வரை அண்ணன் எப்படிக் கிளம்புவது? தேத்தண்ணீரோடு முடிய வேண்டிய பேச்சு மத்தியானச் சாப்பாடு வரை நீண்டது. நான் கேக்கும் முறுக்கும் தவிர ஒன்றும் செய்திருக்கவில்லை. கோபாலன் ஓடிப்போய் வாழையிலைக் கடையிலிருந்து சோறும் கோழிப் பிரட்டலும் பொட்டலம் கட்டி வந்தார். ராஜனும் தம்பியும் லோரி டயரைப் பற்றியும் பந்திங் சாலைக் குழிகளைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசினார்கள். குமுதா மடியில் பூனையோடு ஒரு கையால் சாப்பிட்டாள். என் தம்பி அவளுக்கு அப்பளத்தை உடைத்துக் கொடுத்தான். அவள் அதை வாங்கிக்கொண்டதையும் பார்த்தேன். நான் எதையும் விடுவதில்லை.

ஒருவழியாக டீசல் சோம்பல் முறித்து இறங்கியது. அவர்களும் எழுந்தார்கள். கீழே கார்ப் பக்கம் வந்ததும் ராஜன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரிங்க. வீட்டுல கலந்து பேசிட்டு சொல்லுறோம்."

கலந்து பேசிட்டு சொல்லுறோம்! இதைச் சொல்லிவிட்டுப் போனவர்கள் யாரும் எங்களுக்குத் திரும்பிச் சொன்னதில்லை. லோரிக்காரன் என்று சொன்ன வீட்டாரும் முதலில் இதைத்தான் சொன்னார்கள். என் தம்பி தலையை ஆட்டினான், காரின் கதவைத் திறந்துவிட்டான், சிரிக்கக்கூடச் செய்தான். அவனைப் பார்க்க முடியாமல் நான் கடைப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

குமுதா காரில் ஏறவில்லை. ஷாலைக் கழற்றினாள். ஒரு முனை இன்னும் ஈரமாக, கசங்கிப்போய் இருந்தது. அதை அப்படியே சுருட்டி என் தம்பி கையில் கொடுத்தாள்.

"ஷாலு எதுக்கும்மா?" என்றார் ராஜன்.

"இங்கயே இருக்கட்டும்ண்ணே. நான் வர்றதுக்குள்ள டீசலுக்கு என் வாசம் பழகணும்ல."

ராஜன் திகைத்துப்போனார். "கலந்து பேசணும்னு இப்பத்தானே சொன்னேன்?"

"பேசுங்கண்ணே, யாரு வேணாம்னா? பந்திங் போய்ச் சேர இன்னும் நேரம் இருக்கு, கார்லயே பேசலாம்," என்று சொல்லிவிட்டு ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கார் முனை திரும்பும் வரை என் தம்பி ஷாலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். பிறகு நடுத்தெருவில், போகிற வருகிறவர்கள் எல்லோரும் பார்க்க, "அக்கா!" என்று என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். அவன் பாரம் தாங்காமல் நான் சுவரில் சாய்ந்துகொண்டேன், நானும் அழுதேன். "போதும்டா, மூச்சு முட்டுது," என்றேன், ஆனால் அவனை விடவில்லை.